கோடியக்கரை: பறவை பார்க்கவும் நடக்கவும் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வங்கக் கடலோரம் சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையாகும் முனை கோடியக்கரை. வெளிமானைக் காப்பதற்காக 1967இல் இது சரணாலயம் ஆனது. 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் ஈரநிலமாகவும், அதாவது பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் காக்கப்படும் ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. காடு, புல்வெளி, சதுப்பு, உப்பளம், கடற்கரை என ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதால் முதல்முறை வருபவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. அதிகம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூநாரை (பிளமிங்கோ), சேற்றில் இரை தேடும் உள்ளான், கடலோரம் பறக்கும் ஆலா போன்ற நீர்ப்பறவைகள்தான் நோக்கம் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முடிய வாருங்கள். காட்டுக்குள் வந்து தங்கிச் செல்லும் சின்னப் பறவைகள் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்.

பலர் பள்ளி விடுமுறைக் கணக்கில் அக்டோபர், நவம்பரில் வந்து, "பூநாரையே இல்லை" என்று திரும்புகிறார்கள். பறவை வந்திருக்கும், தண்ணீர்தான் சரியாக இருக்காது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் சதுப்பு முழுக்க நீர் பரந்து நிற்கும். கொசு உள்ளான் போன்ற குட்டைக்கால் பறவைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீருக்கு மேல் இருந்தால் இரை எட்டாது. அவை மேடான ஓரங்களுக்குச் சிதறிவிடும். மழைநீர் கலந்து உப்பு குறைவதால் பூநாரையின் இரையும் குறையும். மழை நின்று நீர் வடிய வடிய, எஞ்சிய ஆழமற்ற நீரில் பறவைகள் கூட்டமாகச் சேரும். ஜனவரியில் நன்றாக இருப்பது இதனால்தான்.

மார்ச்சிலும் வரலாம். வெயில் ஏறிவிடும். ஆனால் வடக்கே கிளம்பத் தயாராகும் உள்ளான்கள் சாம்பல் நிறத்தை உதறிச் செம்பழுப்பு இறகுக்கு மாறுவதைப் பார்க்க அதுதான் நேரம். மே முதல் ஆகஸ்ட் வரை நீர்ப்பறவை பார்க்க மட்டும் தொலைதூரத்திலிருந்து வருவது வீண்.

தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆதிசேது என்று சொல்லப்படும் இந்தக் கடல்முனையில் தீர்த்தமாட வருகிற கூட்டத்தில் சாலையில் நின்று எதையும் பார்க்க முடியாது.

எப்படி வருவது?

வேதாரண்யத்துக்கு வந்துவிட்டால் அங்கிருந்து சுமார் 10 கி.மீ. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து கோடியக்கரைக்கு நகரப் பேருந்து, ஆட்டோ. திருத்துறைப்பூண்டி முதல் அகஸ்தியம்பள்ளி வரையிலான ரயில் பாதை அகலமாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதை நம்பி விடியற்காலைத் திட்டம் போடாதீர்கள், வண்டிகள் குறைவு. விமானத்தில் வருவோர்க்குத் திருச்சிதான் பக்கம்.

சொந்த வண்டி அல்லது நாள் வாடகை வண்டி இருந்தால் வசதி. இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதான் இங்கே வேலையே. அதைவிட நல்லது சைக்கிள்: தரை சமம், ஏற்றமே கிடையாது. எதிர்காற்று மட்டும் சோதிக்கும்.

ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியும், வேதாரண்யத்தில் முந்தின இரவு தங்கினால். வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு எட்டிப்பார்ப்பவர்கள் காண்பது குரங்கும் குதிரையும்தான். ஓர் இரவு, இரண்டு காலை என்பது எங்கள் யோசனை: ஒரு காலை சதுப்புக்கு, ஒரு காலை காட்டுக்கும் புல்வெளிக்கும்.

வனத்துறையின் 'பூநாரை இல்லம்' கோடியக்கரையிலேயே இருக்கிறது. அறைகள் சொற்பம். நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னரே கேட்டு உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் வேதாரண்யம் விடுதிகள்.

அனுமதிச் சீட்டு வேண்டுமா?

வேண்டும். ஆளுக்கும் வண்டிக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கட்டணம். நுழையுமிடத்தில் வனத்துறைச் சாவடியில் வாங்கிக்கொள்ளலாம். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். மாலை இருட்டுமுன் வெளியே வந்துவிட வேண்டும். டிரோன் பறக்கவிடத் தனி எழுத்து அனுமதி இல்லாமல் முடியாது. ஆலாக் கூட்டம் அதைப் பருந்தாக நினைத்து மொத்தமாக எழும்பிவிடும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019 முதல் தடை. சாவடியில் பையைத் திறந்து பார்த்தால் கோபப்படாதீர்கள்.

உப்பளங்களின் கதை வேறு. அவை நிறுவனங்களுக்கும் தனியாருக்கும் உரியவை. வரப்பில் ஏறுமுன் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், பறவை எந்தப் பாத்தியில் இறங்கியிருக்கிறது என்றும் சொல்வார்கள். விடியுமுன்பே வேலைக்கு வந்துவிடும் உப்பளத் தொழிலாளிகளைவிட அதை அறிந்தவர் யாருமில்லை.

பூநாரை எங்கே நிற்கும்? எப்படிப் பார்ப்பது?

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை வரும் சாலை ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. பெருஞ்சதுப்பு அதற்கு மேற்கே விரிகிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது: காலையில் சாலையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் அடிக்கும், பறவை மேல் நேராக விழும். நிறம், கால், அலகு எல்லாம் துலங்கும். அதே இடத்தில் மாலை நின்றால் கண்ணெதிரே சூரியன்; எல்லாப் பறவையும் கறுப்புதான். படமெடுக்கிறவர்கள் நிழலுருவம் வேண்டுமென்று மாலையில் வரலாம். அடையாளம் காண வந்தவர்கள் காலையில் வர வேண்டும்.

நேரம் காலை ஆறரை முதல் ஒன்பது. ஒன்பதரைக்கு மேல் சேற்றுவெளியில் கானல் எழும்பும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியாக இருந்தாலும் பூநாரையின் கால் நெளிந்து நெளிந்துதான் தெரியும்.

முதலில் வெறுங்கண்ணால் தொடுவானத்தை ஒட்டித் துழாவுங்கள். இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தால் அதுதான். சில நாள் வெள்ளைக் கோடாகவே தெரியும்: தலை கவிழ்த்து மேயும்போது இறக்கையின் சிவப்பு மறைந்துவிடும். எழும்பிப் பறந்தால்தான் அந்தச் சிவப்பும் கறுப்பும் விரியும். கூட்டத்தில் சாம்பல் பழுப்பாக நிற்பவை இளசுகள். வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். அலகு இளஞ்சிவப்பாக இருந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரிய பூநாரை. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக, ஆளும் குட்டையாக இருந்தால் சிறிய பூநாரை. எப்போதாவது வரும், வந்தால் கொண்டாடலாம்.

இங்கே கூடு இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இந்தியாவில் பெரிய பூநாரை பெருந்திரளாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண் உப்புச்சமவெளி. கோடியக்கரைக்கு அது இரை தேடி வருகிறது.

இன்னும் கிட்டத்தில் போய்ப் படமெடுக்கலாமா?

கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, பறவையின் கணக்கைப் பாருங்கள். கொசு உள்ளானின் எடை 20, 30 கிராம்தான். ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்து, ஏப்ரலுக்குள் திரும்பப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் அது சேர்க்கிறது. ஒவ்வொருமுறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்க வைக்கிறோம்.

எவ்வளவு தூரம் சரி என்பதைப் பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் தலையைத் தூக்கிக் கழுத்தை நேராக நிமிர்த்தினால் நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தில் வந்துவிட்டீர்கள், இரண்டடி பின்வாங்குங்கள். சிவப்புக் காலுள்ள பவளக்காலிதான் இந்த வெளியின் காவற்காரன். அது முதலில் கத்தி எழும்பும். அது எழும்பினால் அக்கம்பக்கத்து உள்ளான்கள் எல்லாம் எழும்பும். ஆக, பவளக்காலி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

வண்டிக்குள்ளிருந்தே பார்ப்பது இன்னும் நல்லது. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் கதவைத் திறக்காமல் இருங்கள். உள்ளான்கள் தாமே நெருங்கி வரும். படமெடுப்பவர்கள் சன்னலில் ஒரு துணிப்பையில் மணலோ அரிசியோ நிரப்பிப் போட்டு லென்ஸை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கிறதே, நடந்து போகலாமா?

மேலே உப்புப் பூத்த வெள்ளை ஓடு. அதற்குக் கீழே கறுத்த குழைசேறு. முதல் இருபதடி தாங்கும். பிறகு ஓடு உடைந்து முழங்கால் வரை இறங்கும். செருப்பு போனது போனதுதான். மாட்டிக்கொண்டால் காலைச் செங்குத்தாகப் பிடுங்காதீர்கள். அடியில் உண்டாகும் உறிஞ்சல் இன்னும் இழுக்கும். உட்கார்ந்து அல்லது பின்பக்கம் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக் காற்றும் நீரும் உள்ளே போக வழிவிட்டு எடுங்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள். கேமரா கையிலிருந்தால் முதலில் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என்ன பைனாகுலர் வாங்கலாம்?

8x42. எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி. 10x42 கொஞ்சம் கிட்டக் காட்டும். ஆனால் கடற்காற்றில் கை ஆடும் ஆட்டமும் பத்து மடங்காகும். விடியல் வெளிச்சத்தில் 8x42 இன்னும் பளிச்சென்றிருக்கும்: 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அதாவது கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; பத்து மடங்கில் 4.2தான்.

சதுப்புக்கு மட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (டிரைபாடில் வைத்து ஒற்றைக்கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் உலகமே வேறு. குழுவுக்கு ஒன்று போதும். 20 முதல் 60 மடங்கு என்று போட்டிருந்தாலும் 25, 30ஐத் தாண்டாதீர்கள். டிரைபாட் கால்களை முழுக்க நீட்டாமல் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வைத்து, நடுவில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. உப்புக்காற்றுப் பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, உப்புத்துகள் கீறும். ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

சின்ன உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

நிறத்தை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. மேய்கிற விதத்தைப் பாருங்கள்.

ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. கண் பெரிது, அலகு குட்டை; இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது. தலையைத் தூக்காமல் தையல் மெஷின் ஊசிபோல் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அது அலகின் நுனியால் தடவித் தேடுவது. இந்த ஒரு பிரிப்பிலேயே கூட்டம் இரண்டாகிவிடும்.

பிறகு கால். மிகச் சின்னதாய்க் கறுப்புக் காலோடு இருந்தால் கொசு உள்ளான். சிவப்புக் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை என்றால் பவளக்காலி. பச்சைக் கால், நுனி லேசாக மேல்நோக்கிய அலகு என்றால் பச்சைக்காலி. கொசு உள்ளானைவிடப் பெரிதாய், அலகு கீழ்நோக்கி வளைந்து, வயிறு தொட நீரில் இறங்கி மேய்வது வளை அலகு கொண்ட உள்ளான். பறந்தால் வாலடி வெள்ளையாகத் தெரியும். நீண்ட நேரான அலகுள்ள மூக்கன்களில் இரண்டு வகை உண்டு: பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப்பட்டை இருந்தால் கருவால் மூக்கன், இல்லாவிட்டால் பட்டைவால் மூக்கன். ஆகவே அது எழும்பும் அந்த ஒரு நொடியைத் தவறவிடாதீர்கள்.

எண்ணுவதற்கு: முதல் ஐம்பதை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பிடித்து, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தை அளவிடுங்கள். "ஆயிரக்கணக்கில்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

காட்டுக்குள் நடக்க எங்கே போவது? என்ன பார்க்கலாம்?

கோடியக்காடு உலர் பசுமைமாறாக் காடு. உயரம் குறைவு, அடர்த்தி அதிகம். பாலை மரம்தான் இங்கே அதிகம். ராமர் பாதம் என்ற மணல்மேடு இப்பகுதியிலேயே உயரமான இடம். உயரம் என்றால் மலையைக் கற்பனை செய்ய வேண்டாம், கடல் மட்டத்திலிருந்து நாலு மீட்டர்போலத்தான். ஆனாலும் தரை இவ்வளவு தட்டையாக இருப்பதால் அங்கிருந்து காடும் சதுப்பும் நன்றாகத் தெரியும்.

காட்டு நடைக்கு வனக்காவலர் அல்லது அவர்கள் சொல்லும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போங்கள். தடங்கள் ஒன்றுபோலவே இருக்கும். தொலைவில் அடையாளம் பிடிக்க மலை கிடையாது. வெயில் உச்சிக்கு வந்தால் திசை குழம்பும்.

அக்டோபரில் ஆறுமணிக்குருவி, காட்டு வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் இவ்வழியே போகும்போது தங்கும். இவற்றைத் தேடி நடந்தால் காணக் கிடைக்காது. காய்ந்த சருகு கிடக்கும் நிழலான இடத்தில், குறிப்பாகத் தண்ணீர்க்குட்டை ஓரத்தில், இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். சருகு புரளும் சத்தம் முதலில் வரும், பறவை பிறகு. ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கேட்கும் என்பார்கள். வந்து இறங்கிய புதிதில் அது களைத்து மௌனமாகவே இருப்பதும் உண்டு. செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது இங்கே வேண்டாம். கடல் தாண்டுமுன் ஓய்வெடுக்க வந்ததைச் சண்டைக்கு இழுப்பது அது.

வெளிமான் கட்டாயம் தெரியுமா? அந்தக் குதிரைகள் யாருடையவை?

காலை எட்டுக்குள் திறந்த புல்வெளிப் பக்கம் போனால் பெரும்பாலும் தெரியும். முறுக்குக் கொம்போடு கறுத்து நிற்பது கிடா. வெளிர்பழுப்பில் கொம்பில்லாமல் இருப்பவை பெட்டைகள். புள்ளிமானும் இங்கே உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளிமான் ஓடி ஒளியாது. திறந்த வெளியில் தூரத்திலேயே உங்களைக் கண்டு தூரத்தை நிலைநிறுத்திக்கொள்ளும். வண்டியால் துரத்தினால் வழக்கு வரும், வரவேண்டியதுதான்.

குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லை. எப்போதோ விடப்பட்டவற்றின் வழிவந்து காட்டுத்தனமாகிவிட்டவை. சாதுவாகத் தெரியும். கிட்டே போனால் கடிக்கும், உதைக்கும். ரொட்டி கொடுக்காதீர்கள். சீமைக்கருவேலம் பரவிப் புல்வெளி குறுகுவது ஒருபக்கம், அந்தப் புல்லுக்கு மானோடு குதிரை போட்டி போடுவது இன்னொரு பக்கம்.

என்ன உடுத்துவது, எதை எடுத்துப் போவது?

ஆளுக்கு அரைநாளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். காட்டுக்குள் கடை கிடையாது. காலணி அடி தடித்த ஷூவாக இருக்கட்டும்: சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் நிற்கும். மானும் குதிரையும் மேய்கிற புல்லில் உண்ணி இருக்கும், ஆகவே பேண்ட் நுனியைக் காலுறைக்குள் சொருகுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்புவார் ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள்; மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். தொப்பி காற்றில் பறக்கும், தாடைக்கயிறு உள்ளது வாங்குங்கள். பழத்தையும் பொட்டலத்தையும் பையின் வெளியில் வைத்தால் குரங்கு எடுத்துக்கொள்ளும். அதனிடம் பிடுங்கப் போகாதீர்கள்.

கடற்கரையில் என்ன பார்க்கலாம்? குளிக்கலாமா?

அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடி சீசன். வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்வார்கள். படகு கரையேறும் நேரம் பழுப்புத்தலைக் கடற்காக்கை, செம்பருந்து, ஆலாக்கள் எல்லாம் தலைக்கு மேலேயே சுற்றும். சிவந்த தடித்த அலகோடு ஆலாக்களிலேயே பெரியதாக ஒன்று நின்றால் அது காஸ்பியன் ஆலா. வலை காயும் இடத்தில் மிதிக்காமல் நடங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு கரையில் திரிந்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் சந்திப்பதால் நீந்த வேண்டாம். தீர்த்தமாடுகிற இடத்தில் இடுப்பளவோடு நிறுத்துங்கள். 2004 சுனாமியில் பழைய சோழர் கால விளக்குத்தூணின் மிச்சமும் போய்விட்டது. அதைத் தேடி அலையாதீர்கள்.

காலில் வளையமோ வண்ணப் பட்டையோ உள்ள பறவையைப் பார்த்தால்?

அதிர்ஷ்டம். பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய, இங்கே அவற்றுக்கு வளையமிட்டு வருகிறது. அதன் ஆய்வு மையமும் இங்கே உண்டு. குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, பட்டைகளின் நிறம் மேலிருந்து கீழ் வரிசையில், எழுத்து இருந்தால் அது. பறவையின் வலது கால்தான் வலது. எதிரே நிற்கும் உங்களுக்கு அது இடப்பக்கம் தெரியும். இந்தக் குழப்பத்தால்தான் பாதித் தகவல்கள் பயனற்றுப் போகின்றன. மங்கலானாலும் ஒரு படம் எடுத்து, தேதி, இடத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள்.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

தாராளமாக. சாலையோரப் பார்வைக்கு நடையே தேவையில்லை. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவாருங்கள். குழந்தைகளுக்கு உள்ளான் சலிப்புத் தரும். நேரே பூநாரை, அடுத்து வெளிமான், பிறகு படகுத்துறை என்று வைத்துக்கொண்டால் காலை ஓடிவிடும். கழிப்பறை வசதி குறைவு, வேதாரண்யத்திலேயே முடித்துவிட்டு வருவது நல்லது.

புயல் எச்சரிக்கை இருந்தால்?

வராதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல் இந்தக் காட்டின் முதுமரங்களைச் சாய்த்தது. மானும் குதிரையும் ஏராளமாக மாண்டன. சாதாரண மழைநாளென்றால் பிரச்சினை இல்லை. மழை விட்ட மறுநாள் காலை காட்டுப்பறவைக்கு நல்ல காலை.

கூடவே வேறு எங்கே போகலாம்?

வழியிலேயே அகஸ்தியம்பள்ளியில் 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுத்த இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. பத்து நிமிடம் போதும். இன்னொரு நாள் கையிலிருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டில் படகில் போகலாம், அனுமதி அங்கே வனத்துறையிடம். மரத்தில் கூடு கட்டும் நாரை, கொக்கு வகைகளைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் உதயமார்த்தாண்டபுரம் அல்லது வடுவூர் ஏரிக்குப் போங்கள். இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை அங்கே நத்தைகுத்தி நாரைகள் நிறைய இருக்கும். தஞ்சாவூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு வடுவூர் வழியிலேயே வரும். மாலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தால் அடைய வரும் கூட்டத்தைக் கரையில் நின்றே பார்க்கலாம்.